தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

இலங்கையில் ஒரு வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ தொலைபேசி எடுத்தால் முதலில் வருவது ஒரு பதிவுக் குரல். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்தவும், தமிழுக்கு இரண்டை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு மூன்றை அழுத்தவும் என்று அது மூன்று மொழியிலும் சொல்லும். இரண்டை அழுத்திய பிறகு நடப்பதை இங்கே வாழும் தமிழ் பேசும் மக்கள் அறிவார்கள். சென்ற ஆண்டு நான் ஒரு நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாம்) அப்படி அழைத்து, பதினேழு நிமிடங்கள் வயலின் இசை கேட்டு, கடைசியில் ஒரு சகோதரியின் "ஆயுபோவன்" கேட்டேன். தமிழில் பேச ஆளில்லையா என்றேன். அவர் மரியாதையாகவே, அரைகுறை ஆங்கிலத்தில், தமிழ் தெரிந்தவர் மதிய உணவுக்குப் போயிருக்கிறார் என்றார். அப்போது நேரம் மாலை நாலரை மணி.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி தொலைபேசிக் கம்பியில் ஏறுவதற்கு இன்னும் எத்தனை காலமோ என்று அன்று நொந்துகொண்டு, அந்த விடயத்தை மறந்துவிட்டேன். அதை மறுபடி நினைக்க வைத்தவன் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஓர் இளைஞன். நெடுநாள் நண்பர் ஒருவரின் மகன். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்துவிட்டு, கொழும்பில் ஒரு கோல் சென்ரரில் நான்கு ஆண்டுகள் அதே "இரண்டாம் இலக்க" வரிசையில் இருந்து பேசியவன். 2022இன் நெருக்கடியில் அறை வாடகையும் சாப்பாடும் சம்பளத்தைத் தின்றுவிட, ஊருக்குத் திரும்பியிருந்தான்.

"சேர், ஊரிலேயே சின்னதா ஒரு கோல் சென்ரர் போடப்போறன். பத்து சீட் போட்டாக் காணுமா?" என்று கேட்டான்.

எனக்கு வியாபாரம் தெரியாது. முப்பது வருடமாகப் பத்திரிகையில் எழுதியே காலம் தள்ளியவன். ஆனால் அவன் கேட்டது ஆலோசனை மட்டுமல்ல. பத்து இருக்கைக்கான பணத்துக்கு, தங்கையின் வீட்டுக்கென்று அவனது வாப்பா வாங்கிப்போட்ட வளவை ஈடு வைக்கத் தீர்மானித்திருந்தான். கிழக்கிலங்கையில் பெண் பிள்ளைக்கு வீடு என்பது என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வளவு போனால் தங்கையின் கலியாணமும் அதோடு போகும். நண்பர் என்னிடம் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. "நீங்க ஒருக்கா அவனோட பேசிப் பாருங்க" என்றார், அவ்வளவுதான்.

குறிஞ்சாக்கேணிக்குக் கோல் சென்ரர் புதிதா என்று கேட்டால், இல்லை என்பேன். அந்தப் பெயர் இருக்கவில்லை, ஆனால் தொழில் இருந்தது. தொண்ணூறுகளிலும் 2000க்குப் பிந்திய சில ஆண்டுகளிலும் கிண்ணியா, மூதூர், திருகோணமலைக் கடைத்தெருக்களில் "கொமியுனிக்கேசன்" என்று பலகை தொங்காத தெருவே இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996இல் வந்த சன்டெல், லங்கா பெல் ஆகிய கம்பியில்லா இணைப்புகளும், 1997இல் சிறீலங்கா டெலிகொம்மின் 35 வீதப் பங்குகள் ஜப்பானின் என்.ரீ.ரீ. நிறுவனத்துக்குப் போனதும் கொழும்பின் நிலைமையை மெல்ல மாற்றின. கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்களுக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தன.

அதற்கு முன்பு வளைகுடா நாடுகளுக்குப் போன பிள்ளைகளோடு பேச்சு என்பது கசெட்டில்தான். உம்மா ஒரு பக்கம் முழுக்கப் பேசி, அழுது, கடைசியில் பேரப்பிள்ளையை "உம்" கொட்டவைத்து, விடுமுறைக்கு வந்து திரும்பும் எவரிடமாவது கொடுத்தனுப்புவார். கொமியுனிக்கேசன் வந்ததும் கசெட் ஓய்ந்தது. கண்ணாடி அடைத்த சின்னக் கூடு, உள்ளே ஒரு முக்காலி, மேலே நிமிடத்தைத் தின்னும் சிவப்பு எழுத்து மீற்றர். வெளியே இருப்பவர்களுக்கும் உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். டோஹாவில் இருந்து அழைப்பு வந்தால் கடைக்காரர் பொடியனைச் சைக்கிளில் அனுப்புவார். "கால் மணித்தியாலத்தில் திரும்ப எடுக்கட்டாம்" என்று சொல்லி வைப்பார். அந்த மனைவி வேலையைப் போட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்தபடி ஓடிவருவார். அழைப்பைப் பெறுவதற்கும் கட்டணம், ஆளை அழைத்துவருவதற்கும் கட்டணம்.

செய்தியாளனான எனக்கும் அந்தக் கடைகள்தான் அலுவலகம். எத்தனையோ செய்திகளை அந்தக் கூடுகளுக்குள் நின்று வரிவரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறுமுனையில் கொழும்பில் உதவி ஆசிரியர் எழுதிக்கொள்வார். இடையிலே நேரக் குழப்பம் வேறு. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ள, வன்னியில் பழைய நேரம் தொடர்ந்தது. 2006இல் நாடு முழுவதும் பழையபடி ஐந்தரை மணி வித்தியாசத்துக்குத் திரும்பும் வரைக்கும், "எந்த நேரப்படி?" என்று கேட்காமல் ஒரு சந்திப்பைக்கூடக் குறிக்க முடியாது.

கைத்தொலைபேசி வந்தது, கொமியுனிக்கேசன்கள் ரீலோட் கடைகளாகவும் போட்டோக்கொப்பிக் கடைகளாகவும் மாறின. கம்பி அரிதாக இருந்ததால் பிழைத்த வியாபாரம், கம்பி மலிந்ததும் முடிந்தது. அந்தக் கடைக்காரர்களிடம் இருந்த இன்னொரு திறமையை எவரும் விலைக்கு வாங்கவில்லை. யார் எதற்கு அழைக்கிறார், எந்தச் செய்தியை உடனே சொல்லவேண்டும், எதை வீட்டில் ஆண்பிள்ளை ஒருவர் வந்த பிறகு சொல்லவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பையனிடம் நான் முதலில் பேசியது இதைப்பற்றித்தான். அவன் சிரித்தான். அவனது பெரியப்பா அப்படி ஒரு கடை வைத்திருந்தவராம்.

பிறகு அவன் கையில் இருந்த ஒப்பந்தத்தைக் காட்டினான். சிக்கல் அங்கேதான் இருந்தது.

வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு முகவர். பத்து இருக்கைக்கு நிரந்தரமான வேலை, மாதம் முடிய நிச்சயமான தொகை. அதற்கு முன்பு "புரொஜெக்ட் டெபொசிட்" என்ற பெயரில் ஒரு பெருந்தொகை கட்டவேண்டும். ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம். பழைய வழக்கம் காரணமாக நான் எதையும் கடைசிப் பக்கத்தில் இருந்து படிப்பவன். வேலையின் தரம் குறிப்பிட்ட வீதத்துக்குக் கீழே போனால் அந்த மாதக் கொடுப்பனவு இல்லை. தரத்தை மதிப்பிடுவது அவர்களே, அதில் மேன்முறையீடு கிடையாது. மூன்று முறை தவறினால் டெபொசிட் திரும்பாது. யாருடைய வேலை, அந்த வாடிக்கையாளரின் பெயர் என்ன என்பது இருபத்திரண்டு பக்கத்திலும் இல்லை.

இந்த வித்தை இந்தியாவின் சிறு நகரங்களில் பழையது. வேலை தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்குவது, பிறகு தரம் போதாது என்று சொல்லி அதை விழுங்குவது. உண்மையான வாடிக்கையாளர் எவரும் தனக்கு வேலை செய்பவரிடம் பணம் கேட்பதில்லை. கூலிக்கு ஆள் பிடிப்பவர் கூலிக்காரனிடமே காசு கேட்டால் அதன் பொருள் என்ன என்று நம்மூர்க் கமக்காரனுக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அச்சிட்டு முத்திரை குத்தியவுடன் நமக்கு அது தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டாவதாக ஒரு கேள்வியும் வந்திருந்தது. அது இன்னும் மோசம். இடத்தை மட்டும் தந்தால் போதும், இணையம் வேகமாக இருக்கவேண்டும், ஆட்களும் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அவர்களுடையவை, வாடகை சந்தை விலையைப்போல மூன்று மடங்கு. 2024இல் நீர்கொழும்பு, தலங்கம, மாதிவெல ஆகிய இடங்களில் வாடகை வீடுகளில் இருந்து இணைய மோசடி செய்ததாக அறுபது வரையான இந்தியர்கள் ஒரே நாளில் கைதானார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் இருநூறுக்கும் மேற்பட்ட சீனர்கள். வீட்டைக் கொடுத்தவர்களுக்கும் பொலிஸ் நிலைய வாசல் தெரிந்திருக்கும். இதன் மறுபக்கம் மியான்மரின் மியாவடி. கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள் அங்கே முட்கம்பிக்குள் அடைபட்டு, உலகத்தை ஏமாற்றும்படி வருத்தப்பட்டார்கள். தொலைபேசியில் இனிமையாகப் பேசத் தெரிந்த வேலையற்ற பிள்ளைகளுக்கு இன்று இரண்டு விதமான சந்தை இருக்கிறது என்பதை அவனுக்கு ஒளிக்காமல் சொன்னேன்.

சரி, நேர்மையான வழியில் பத்து இருக்கை வேண்டுமா? இங்கே கணக்கு இருக்கிறது. அது நூறு வருடத்துக்கு மேல் பழைய கணக்கு. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏ.கே. ஏர்லங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், அழைப்புகள் ஒழுங்கற்று வரும்போது எத்தனை இணைப்பு வேண்டும் என்பதை 1909இலும் 1917இலும் எழுதிய கட்டுரைகளில் கண்டு சொன்னார். இன்றைக்கும் உலகத்துக் கோல் சென்ரர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆள் கணக்கிடுகின்றன.

ஒரு மணித்தியாலத்தில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 180 நிமிட வேலை. மூன்று பேர் போதும் என்று மனக்கணக்குச் சொல்லும். மூன்று பேர் போட்டால் வரிசை நீண்டுகொண்டே போகும், ஏனென்றால் அழைப்புகள் இடைவெளி விட்டு ஒழுங்காக வருவதில்லை, நான்கு ஒன்றாக வரும், பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமே வராது. நான்கு பேர் இருந்தால் அழைப்பவர்களில் பாதிப்பேர் காத்திருக்க நேரும், சராசரிக் காத்திருப்பு ஒன்றரை நிமிடம். ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் அது இருபது விநாடி அளவுக்கு இறங்கிவிடுகிறது, நூற்றுக்கு எண்பது அழைப்புகள் இருபது விநாடிக்குள் எடுபடும். ஒரே ஓர் ஆள். அந்த ஐந்தாவது ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் நமக்குப் பதினேழு நிமிடம் வயலின் கேட்கத் தருகிறார்கள்.

பையன் இதைத் தன் கைத்தொலைபேசியில் மூன்று முறை போட்டுப் பார்த்தான். மணிக்கு 60 அழைப்புகள் தரும் வாடிக்கையாளர் ஒருவர்கூட அவன் கையில் இல்லை. பத்து இருக்கை என்பது எங்கிருந்து வந்த எண் என்று கேட்டேன். அந்த முகவர் சொன்ன எண்.

இலங்கையில் கிராமத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லையா என்றால், நடந்தது. அனுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டின் ஓரத்தில் மஹவிலச்சிய என்ற ஊர். நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கத் தொடங்கிய முயற்சி, சில ஆண்டுகளில் ஊர் வீடுகளுக்கே கம்பியில்லா இணையம் வரும் அளவுக்கு வளர்ந்தது. 2007 அளவில் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் துணையோடு, கொழும்பில் செய்த கணக்குத் தரவுப் பதிவு வேலையின் ஒரு பகுதி அந்த ஊருக்குப் போனது. தமிழ்நாட்டில் சலோனி மல்ஹோத்ரா சென்னை ஐ.ஐ.ரி.யின் கிராமியத் தொழில் வளர்ப்பகத்தில் இருந்து தொடங்கிய தேசிகுரூ நிறுவனமும் அதே காலத்தது. திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் அதன் நிலையங்கள் இருந்தன.

இந்த இரண்டு கதைகளையும் பத்திரிகைகள் அந்நாட்களில் கொண்டாடின. நானும் படித்துப் புல்லரித்தவன்தான். இப்போது திரும்பப் பார்க்கையில் இரண்டு சங்கதிகள் கண்ணில் படுகின்றன. முதலாவது, இரண்டும் பெரும்பாலும் குரல் வேலை அல்ல, தட்டச்சும் தரவும்தான். தொலைபேசிக்கு இணைப்பு ஒரு விநாடிகூடத் தடங்கக்கூடாது; தரவு வேலை மின்சாரம் திரும்பி வரும்வரை காத்திருக்கும். இரண்டாவது, மஹவிலச்சியவுக்கு மேசையும் கதிரையும் வருவதற்கு முன்பு வேலை கொடுப்பவர் இருந்தார். நம் பையன் மேசையையும் கதிரையையும் வாங்கி வைத்துவிட்டு வேலை கொடுப்பவரைத் தேடப் புறப்பட்டிருந்தான்.

மின்சாரம் என்றதும் 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை விளக்கில்லாமல் இருந்தது ஞாபகத்துக்கு வரும். அப்படி ஒரு காலம் திரும்ப வரக்கூடாது என்று பிரார்த்திக்கலாம், ஆனால் திட்டத்தில் எழுதி வைக்கவேண்டும். ஒரு ஃபைபர் இணைப்பு, அது அறுந்தால் வேறு நிறுவனத்தின் 4ஜி, இரண்டு மணித்தியாலம் தாங்கும் பற்றரி. ஜெனரேற்றரை ஐந்து இருக்கை தாண்டிய பிறகு யோசிக்கலாம்.

யாருக்காகப் பேசுவது என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். அவன் கண் கனடாவில். டொரொண்டோவில் காலை ஒன்பது என்றால் குறிஞ்சாக்கேணியில் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே அலுவலகம் மூடும்போது இங்கே நள்ளிரவு தாண்டி மூன்று, நாலு மணி. அவன் வேலைக்கு எடுக்க நினைத்திருப்பவர்களோ ஊரில் உயர்தரம் முடித்து, கொழும்புக்கும் போகமுடியாமல், வளைகுடாவுக்கும் போக விரும்பாமல் வீட்டோடு இருக்கும் பெண் பிள்ளைகள். அவர்களின் வீட்டார் சாமத்தில் அனுப்புவார்களா? லண்டன் என்றால் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரைக்குத் தொடங்கலாம், ஆனாலும் முடிய இரவாகிவிடும். உள்நாடு என்றால் எட்டரையில் இருந்து நாலரை. பகல் வேலை.

போக்குவரத்தை நான் வெறும் வசதிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த மக்கள் திருகோணமலைக்கு வருவதற்கே இழுவைப் படகை நம்பியிருந்தவர்கள். குறிஞ்சாக்கேணிக்கோ அதற்குப் பிறகும் தண்ணீர் குறுக்கே நின்றது. பழைய பாலத்துக்குப் பதில் புதியது கட்டும் வேலை நடந்தபோது, 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு மிதவைப் படகு கவிழ்ந்தது. அன்று மட்டும் ஆறு உயிர்கள், பெரும்பாலும் சிறுவர்கள். பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. அந்த ஊரில் ஒரு வேலைத்தலம் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறதா அந்தக் கரையில் இருக்கிறதா என்று ஒரு தாய் கேட்டால், அது அற்பக் கேள்வி அல்ல. "நடந்து போற தூரத்தில் வேலை" என்பதற்கு அங்கே வேறு கனம் உண்டு.

ஆகவே உள்நாடு. ஆகவே, இரண்டாம் இலக்கம்.

தெற்கின் எத்தனையோ நடுத்தர நிறுவனங்கள் வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் பொருள் விற்கின்றன. தமிழில் பேச இரண்டு பேரைக் கொழும்பில் வைத்திருக்க அவற்றுக்கு இயலவில்லை, வைத்தவர்களும் நிலைப்பதில்லை. ஒரு நிறுவனத்துக்கு மணிக்கு ஐந்தாறு தமிழ் அழைப்புகள்தான் வரும், அதற்காக ஆள் வைப்பது கட்டாது. ஆனால் அப்படி நான்கு நிறுவனத்தின் அழைப்பை ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு மூன்று பேருக்கு வேலை. ஏர்லங் கணக்கின் அழகே அதுதான், சிறு வரிசைகளைச் சேர்த்தால் காத்திருப்பும் குறையும், செலவும் குறையும். இதைச் சொன்னபோது பையனின் முகம் மாறியது. நான்கு வருடம் அந்த வரிசையில் இருந்தவனுக்கு இது என்னைவிட நன்றாக விளங்கும்.

"சேர், யாழ்ப்பாணத்து அம்மா ஒரு மாதிரி கதைப்பா, ஹற்றன் ஐயா வேற மாதிரி. கொழும்பில எங்களுக்குத் தந்த பேப்பரில இருந்த தமிழ் ஒருத்தருக்கும் விளங்காது. நாங்க அதை வைச்சிட்டுச் சும்மா கதைப்பம்" என்றான்.

இயந்திரக் குரல்கள் இந்த வேலையை விழுங்கிவிடாதா என்று கேட்பீர்கள். விழுங்கக்கூடும். சுவீடனின் கிளார்னா நிறுவனம் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் பெருமை பேசியது, அடுத்த ஆண்டே மனிதர்களைத் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னது. ஆங்கிலத்துக்கே அப்படி. கிண்ணியாத் தமிழையும் நுவரெலியாத் தோட்டத்துத் தமிழையும் ஒரே மூச்சில் விளங்கிக்கொள்ளும் இயந்திரம் வருவதற்கு இன்னும் சில வருடம் இருக்கும் என்பது என் அனுமானம். அந்தச் சில வருடத்துக்காகத் தங்கையின் வளவை ஈடு வைக்க முடியாது. இரண்டு பழைய கணினியையும் இரண்டு ஹெட்செட்டையும் அதற்காக வாங்கலாம்.

அவன் அப்படியே செய்தான். பெரியப்பாவின் மூடிக்கிடந்த கொமியுனிக்கேசன் கடை, இரண்டு மேசை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இருவரும் உட்கார்ந்து படித்தோம். அழைப்பவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வைக்கக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறான். முதல் வாடிக்கையாளர் திருகோணமலை நகரின் ஒரு தனியார் மருத்துவ நிலையம். வைத்தியரைப் பார்க்க இலக்கம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலை, நாளுக்கு நாற்பது ஐம்பது அழைப்பு. உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் பேசுகிறார்கள். சம்பளம் கொழும்பில் கொடுப்பதைவிடக் குறைவு, அதை அவன் மறைக்கவில்லை. ஆனால் அறை வாடகை இல்லை, பஸ் கட்டணம் இல்லை, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வரலாம். அவனுக்கென்று மிஞ்சுவது இன்னும் ஒன்றுமில்லை. மாலையில் ரீலோட்டும் போட்டோக்கொப்பியும் செய்துதான் மின்சாரப் பட்டியலைக் கட்டுகிறான்.

தெற்கின் நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். அது என்னால் முடிந்த வேலை. உங்கள் தமிழ் வாடிக்கையாளர்கள் எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள் என்பதை நீங்களே ஒருமுறை இரண்டை அழுத்திப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். அவன் அதை வெட்டிவிட்டான். "வாடிக்கையாளரைக் குத்திக்காட்டக் கூடாது சேர்" என்றான். மாதத்துக்கு இத்தனை அழைப்பு, அழைப்புக்கு இத்தனை ரூபா, முதல் மாதம் இலவசம் என்று அவனே எழுதி, எட்டு நிறுவனங்களுக்கு அனுப்பினான். ஏழில் இருந்து பதில் இல்லை. எட்டாவது, குருநாகலில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம், நேரில் வந்து பேசச் சொல்லியிருக்கிறது. வரும் புதன்கிழமை விடியப் புறப்படுகிறான். சிங்களத்தில் பேசப் பழகிக்கொண்டிருக்கிறான்.